கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்: பார்சிலோனாவின் 8 ஆண்டுகள்

2019 மே 7, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். ஐரோப்பாவின் முன்னணிக் கால்பந்து கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் 79ஆவது நிமிடம். முதல் ஆட்டத்தை 3-0 என்று ஜெயித்துவிட்டு வந்த பார்சிலோனா, இங்கே 0-3 என்று பின்தங்கி நிற்கிறது. மொத்தக் கணக்கு சமம். லிவர்பூலுக்கு ஒரு கார்னர். கோட்டுக்கு வெளியே நின்ற பந்து பொறுக்கும் பையன் சட்டென்று பந்தைத் தள்ளிவிடுகிறான். டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் அதை மூலையில் வைத்துவிட்டு, வேறு யாராவது அடிக்கட்டும் என்பதுபோல இரண்டு எட்டு விலகி நடக்கிறார். பார்சிலோனாவின் தடுப்பாளர்கள் இன்னும் ஆளுக்கு ஆள் பிரித்து நிற்கவில்லை. சிலர் பந்தைப் பார்க்கவே இல்லை. அலெக்சாண்டர்-அர்னால்ட் சடாரென்று திரும்பி வந்து தாழ்வாக அடிக்கிறார். டிவோக் ஒரிகி மட்டும் விழிப்பாக இருக்கிறார். 4-0.

கார்னர் அடித்தவருக்கு அன்று 20 வயது. 6 வயதில் லிவர்பூல் அகாடமிக்கு வந்தவர். பந்தைத் தள்ளிவிட்ட பையனும் அதே அகாடமியில் பயின்றவன்தான். எதிர்முகாமில், 60ஆவது நிமிடத்திலேயே வெளியே அழைக்கப்பட்டுவிட்ட பிலிப்பே கோட்டின்யோவால் இதையெல்லாம் பார்க்க மட்டுமே முடிந்தது. 2018 ஜனவரியில் இதே லிவர்பூலிடமிருந்து பார்சிலோனா 12 கோடி யூரோ கொடுத்து, அதற்குமேல் நிபந்தனைத் தொகைகளும் பேசி வாங்கிய ஆள் அவர்.

வளர்த்தவர்கள் வென்றார்கள், வாங்கியவர்கள் தோற்றார்கள் என்று இந்தக் காட்சியை வைத்து எழுதிவிடுவது எளிது. ஆனால் அது பாதிதான். கோட்டின்யோவை விற்ற அந்தச் சில மாதங்களுக்குள் லிவர்பூல் வாங்கிய வெர்ஜில் வான் டைக்கும் கோல்கீப்பர் அலிசனும் அன்று அதே களத்தில் நின்றார்கள். இருவருமே பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள். அவர்கள் இல்லாமல் லிவர்பூல் அந்த அரையிறுதி வரை வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆக, வாங்குவது தப்பா சரியா என்ற கேள்வி நம்மை எங்கும் கொண்டுபோகாது. ஒரு கிளப் எதற்காக வாங்குகிறது, வாங்கும்போது யாருடைய இடம் அடைபடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க 2017 முதல் 2025 வரையிலான பார்சிலோனாவைவிடத் தெளிவான நிகழ்வு இல்லை என்று நினைக்கிறேன்.

லா மாசியா என்ற வீடு

கேம்ப் நோ மைதானத்தை ஒட்டி 1702இல் கட்டிய ஒரு பண்ணை வீடு இருந்தது. 1979இல் பார்சிலோனா அதை வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படித்து, பந்து பழகும் விடுதியாக மாற்றியது. லா மாசியா என்ற பெயர் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான். 2011இல் விடுதி புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1988இல் பயிற்சியாளராக வந்த யோஹான் கிரைஃப், சின்னப் பையன்கள் அணி தொட்டு முதல் அணி வரை ஒரே பாணியில்தான் ஆட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

அந்தப் பாணியின் ஆரம்பப் பாடம் ரோண்டோ. ஏழெட்டுப் பேர் வட்டமாக நிற்க, நடுவில் இரண்டு பேர் பந்தைப் பறிக்கப் பாய்வார்கள். வட்டத்தில் நிற்பவருக்கு ஒரே ஒரு தொடுதல். தவறவிட்டால் அவர் நடுவுக்குப் போக வேண்டும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தெரியும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும்: காலைவிடக் கழுத்துக்குத்தான் அங்கே வேலை அதிகம். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று தலையைத் திருப்பிப் பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். பத்து வயதில் இதைத் தினமும் செய்தவன் 17 வயதில் முதல் அணிக்குள் நுழையும்போது புதிதாக ஒரு மொழி கற்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் எங்கே நகர்வார் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். வெளியிலிருந்து வரும் நட்சத்திரத்துக்கு இதைச் சொல்லித்தரவே ஒரு சீசன் ஆகிறது. சிலருக்கு ஒப்பந்தக் காலம் முழுவதும் போதாமல் போகிறது.

விளைச்சலைச் சொல்ல வேண்டுமானால், 2010 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயின் களமிறக்கிய 11 பேரில் புயோல், பிகே, புஸ்கெட்ஸ், சாவி, இனியெஸ்டா, பெத்ரோ என்று 6 பேர் லா மாசியாவில் பயின்றவர்கள். அந்த ஆண்டு உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதுக்கான இறுதி மூவர் மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி. 2012 நவம்பர் 25 அன்று லெவாந்தேவுக்கு எதிரான ஆட்டத்தில் டானி ஆல்வெஸ் காயமடைந்து மொந்தோயா உள்ளே வந்தபோது, களத்தில் நின்ற 11 பேருமே அந்த அகாடமியின் பிள்ளைகளாக இருந்தார்கள். முடிவு 4-0. வெளியே நின்ற பயிற்சியாளர் டிட்டோ விலனோவாவும் அங்கே தங்கி வளர்ந்தவர்தான்.

இன்னொரு தேதியையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். 2018 ஏப்ரல் 17, செல்டா விகோவுக்கு எதிரான லீக் ஆட்டம். அன்று பார்சிலோனா தொடக்கத்தில் இறக்கிய 11 பேரில் லா மாசியாவிலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்த ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓய்வு கொடுக்கும் ஆட்டத்தில் அல்லவா பையன்கள் இறங்க வேண்டும்? அந்த இடங்களிலும் வாங்கி வந்தவர்களே இருந்தார்கள். ஐந்தரை ஆண்டுகளில் 11 என்பது 0 ஆனது.

2017 ஆகஸ்ட்

ஸ்பெயினில் ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தத்திலும் ஒரு விடுவிப்புத் தொகை எழுதியிருப்பார்கள். அதைக் கட்டிவிட்டால் கிளப்பால் தடுக்க முடியாது. நெய்மாருக்கு எழுதியிருந்தது 22.2 கோடி யூரோ. யாரும் கட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட தொகை. பாரிஸ் சாங் ஜெர்மன் கட்டியது.

நட்சத்திரம் போனது ஒரு அடி. பணம் வந்தது அதைவிடப் பெரிய அடி என்பேன். பார்சிலோனாவின் கையில் 22 கோடி இருக்கிறது, நெய்மாரின் இடத்துக்கு ஆள் வேண்டும், ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள், வீரர்களை வாங்கி விற்கும் சந்தை மூடச் சில வாரங்களே பாக்கி. இது எல்லாமே எதிரில் உட்கார்ந்து விலை பேசுபவருக்கும் தெரியும். ஓராண்டுக்கு முன் ரென் கிளப்பிடமிருந்து ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப் சுமார் 1.5 கோடிக்கு வாங்கிய உஸ்மான் டெம்பெலேவுக்கு பார்சிலோனா கொடுத்தது 10.5 கோடி. கூடுதல் நிபந்தனைத் தொகைகள் தனி. அவருக்கு அப்போது 20 வயது. அப்புறம் ஜனவரியில் கோட்டின்யோ. 2019 ஜூலையில் 12 கோடிக்கு அந்துவான் கிரீஸ்மன். அடிப்படைத் தொகைகளை மட்டும் கூட்டினாலே மூன்று பேருக்கு 34.5 கோடி யூரோ.

மூவருமே நல்ல ஆட்டக்காரர்கள். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் கோட்டின்யோவும் கிரீஸ்மனும் தங்கள் பழைய கிளப்புகளில் எந்த இடத்தில் சுதந்திரமாக உலவினார்களோ, இங்கே அந்த இடம் மெஸ்ஸியுடையது. ஒருவரை இடது ஓரத்துக்கும் நடுக்களத்துக்கும் மாற்றி மாற்றிப் போட்டார்கள், மற்றவரைப் பழக்கமில்லாத ஓரத்துக்குத் தள்ளினார்கள். டெம்பெலேயைத் தசைக் காயங்கள் விடாமல் துரத்தின. யாருக்குப் பதிலாக யார் என்ற கணக்கு மட்டும் இருந்தது. அணிக்கு என்ன குறை என்ற கணக்கு அதில் இல்லை.

இதே ஆண்டுகளில் அகாடமிப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால் மனம் வலிக்கும். டானி ஓல்மோ, முதல் அணிக்கு வழி தெரியாமல் 2014இலேயே 16 வயதில் குரோஷியாவின் டினாமோ ஜாக்ரெப்புக்குப் போய்விட்டார். இடது தடுப்பாளர் அலெக்ஸ் கிரிமால்டோ பென்ஃபிக்காவுக்குப் போனார். பின்னாளில் ஜெர்மனியில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற லெவர்குசன் அணியின் தூணானார். இன்னொரு இடது தடுப்பாளர் மார்க் குகுரெயாவை விற்றார்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 யூரோ கோப்பை இறுதியில் ஸ்பெயினின் வெற்றி கோலுக்குப் பந்து கொடுத்தவர் இந்தக் குகுரெயா. அதே ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கோல் கோட்டில் நின்று தலையால் முட்டி ஸ்பெயினைக் காப்பாற்றியவர் ஓல்மோ. அந்த ஓல்மோவை அடுத்த மாதமே பார்சிலோனா 5.5 கோடி யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

கணக்குப் புத்தகம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கிளப்புகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதற்குக் கணக்கு எழுதும் முறையும் ஒரு காரணம். ஒரு வீரரை 12 கோடிக்கு வாங்கினால் முழுத் தொகையும் அந்த ஆண்டுச் செலவில் வராது. ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். கோட்டின்யோவின் ஒப்பந்தம் ஐந்தரை ஆண்டு. ஆக, சம்பளம் போக ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி. வாங்கும் அன்று சுமை இலேசாகத் தெரியும். மூன்று நான்கு பேரை இப்படி வாங்கிய பிறகுதான் பாரம் தோளில் இறங்கும். அப்போது அந்த வீரரைப் பாதி விலைக்கு விற்கவும் முடியாது. புத்தகத்தில் எழுதாமல் மிச்சமிருக்கும் தொகை ஒரே அடியாக நட்டமாக வந்து விழும்.

அகாடமிப் பிள்ளைக்கோ புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். அவரை 4 கோடிக்கு விற்றால் நாலும் லாபம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கைச் சரிக்கட்டத் தவிக்கும் கிளப் முதலில் கை வைப்பது அந்தப் பிள்ளையின் மேல்தான். கிளப்பின் மீது உண்மையான பாசம் உள்ள ஆளை, விற்றால் கணக்கு அழகாக இருக்கும் என்பதற்காகவே அனுப்பிவிடுகிறார்கள். 2024இல் செல்சி தன் சொந்தத் தயாரிப்பான கானர் கேலகரை அட்லெட்டிகோ மாட்ரிடுக்கு விற்றபோது இதே பேச்சுதான் அடிபட்டது. கிளப்புகள் வரவுக்கு மேல் செலவு செய்யாமல் காக்க என்று எழுதிய விதிகள், பிள்ளையை விற்கத் தூண்டும் விதிகளாக மாறியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, பார்சிலோனாவுக்கு வருவோம். கொரோனா காலத்தில் மைதானக் கதவுகள் மூடின, வருமானம் நின்றது, சம்பளப் பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. 2020 ஆகஸ்ட் 14 அன்று லிஸ்பனில் பயர்ன் மியூனிக்கிடம் 8-2 என்று பார்சிலோனா தோற்றது. அதில் கடைசி இரண்டு கோல்களை அடித்தவர் கோட்டின்யோ. பார்சிலோனா அவரை அந்த ஆண்டு லோனில், அதாவது தற்காலிகமாக, பயர்னுக்கு அனுப்பியிருந்தது. அடித்துவிட்டு அவர் கொண்டாடவில்லை.

2021 ஆகஸ்டில் தலைவர் லபோர்ட்டா கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று அறிவித்தார். சம்பளச் செலவு மொத்த வருமானத்தில் 103 சதவீதம். ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் வருமானத்தைப் பொறுத்து அணிச் செலவுக்கு வரம்பு போடுகிறது. வரம்பு மீறினால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய முடியாது. 13 வயதில் வந்த மெஸ்ஸியைத் தக்கவைக்க வழியில்லாமல் போனது. ஆகஸ்ட் 8 அன்று மேடையில் பேசத் தொடங்கும் முன்பே அவர் அழுதுவிட்டார். எந்த நட்சத்திரங்களை வாங்கிய பாரத்தால் கிளப் மூழ்கியதோ, அதன் விலையை அந்தக் கிளப்பின் தலைசிறந்த பிள்ளை கட்டினார். இந்த நிகழ்வு முழுவதிலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது இதுதான்.

கதவு திறந்தது எப்படி

அதன் பிறகு பார்சிலோனா அகாடமியின் பக்கம் திரும்பியது ஞானோதயத்தால் நடந்ததாக எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பணம் இல்லை, வாங்கிய ஆளைப் பதிவு செய்ய இடமும் இல்லை; கையில் இருந்தது பிள்ளைகள் மட்டுமே. பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் 2021இல் 17 வயது காவியையும் அலெஹாந்த்ரோ பால்டேயையும் இறக்கினார். அவருக்குப் பின் வந்த சாவி, 2023 ஏப்ரல் 29 அன்று ரியல் பெட்டிஸுக்கு எதிராக லமின் யமாலை இறக்கியபோது பையனுக்கு 16 வயதுகூட ஆகவில்லை. பாவ் குபார்சி 2024 ஜனவரியில், 17ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு. ஃபெர்மின் லோபஸ் அதற்கு முந்தைய சீசனை மூன்றாம் நிலை அணியான லினாரெஸில் லோனில் கழித்தவர்.

கிளப் நட்சத்திரங்களின் பின்னால் ஓடிய ஆண்டுகளிலும் கீழே ரோண்டோ நிற்கவில்லை. அதனால்தான் கதவு திறந்தபோது உள்ளே வர ஆள் இருந்தது. அகாடமியின் பட்ஜெட்டை வெட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 7 வயதில் சேர்ந்த யமால் பயன் தர எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்று தண்ணீரை நிறுத்தினால் எட்டாவது ஆண்டில்தான் வயல் காய்ந்தது தெரியும். அதற்குள் நிறுத்தியவர் பதவியில் இருக்கமாட்டார்.

அந்த யமால் 2024 ஜூலை 9 அன்று யூரோ அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அடித்த கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெனால்டி பெட்டிக்கு வெளியே, எதிரில் அட்ரியன் ராபியோ. வலப்பக்கம் போவதுபோல ஒரு சாய்ப்பு, இடது காலுக்குப் பந்தை இழுத்து, தூரத்துக் கம்பத்தின் உட்புறம் பட்டு உள்ளே போகும்படி ஒரு வளைவு. 17ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் பாக்கி இருந்தது.

ஆனாலும் பிள்ளைகளே எல்லாம் செய்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2022இல் தொலைக்காட்சி உரிமை வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு விற்று, அந்தப் பணத்தில் லெவன்டோவ்ஸ்கி, ரஃபீன்யா, கூண்டே மூவரையும் வாங்கினார்கள். எதிர்கால வருமானத்தை விற்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் வாங்கிய விதம் 2017ஐப் போல இல்லை. பெட்டிக்குள் நின்று கோலடிக்க ஆள் இல்லை, அகாடமியிலும் அப்போது அப்படி ஒருவர் தயாராக இல்லை, ஆகவே லெவன்டோவ்ஸ்கி. 2024 அக்டோபர் 26 அன்று பெர்னபேயு மைதானத்தில் ரியல் மாட்ரிடை 4-0 என்று வீழ்த்திய அணியில் இன்யாகி பென்யா, குபார்சி, பால்டே, கசாடோ, ஃபெர்மின், யமால் என்று 6 பேர் அகாடமிப் பிள்ளைகள். கோல்களில் இரண்டு லெவன்டோவ்ஸ்கியுடையவை, ஒன்று யமால், ஒன்று ரஃபீன்யா. எதிரணியில் எம்பாப்பே மீண்டும் மீண்டும் ஆஃப்சைடில், அதாவது பந்து அனுப்பப்படும்போதே தடுப்பாளர்களின் கோட்டைத் தாண்டி நின்று, சிக்கினார். கோட்டை இழுத்துப் பிடித்து அவரைச் சிக்கவைத்த தடுப்பாளர்களில் ஒருவருக்கு 17 வயது. அந்த சீசனில் பயிற்சியாளர் ஹன்சி ஃபிளிக்கின் கீழ் லீக், கோபா டெல் ரே, சூப்பர் கோப்பை மூன்றும் வந்தன.

மற்ற வீடுகள்

ரியல் மாட்ரிடைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2000இல் ஃபீகோ, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜிடேன், ரொனால்டோ, பெக்காம். 2003இல் பெக்காமை வாங்கிய அதே கோடையில், சம்பள உயர்வு கேட்ட கிளாட் மகலெலேயை செல்சிக்குப் போகவிட்டார்கள். அத்தனை நட்சத்திரங்களுக்கும் பின்னால் நின்று ஓட்டைகளை அடைத்தவர் அவர். அதன் பிறகு 2007 வரை லீக் பட்டம் வரவில்லை. ஆனால் பின்னாளில் அதே கிளப் வாங்கிச் சேர்த்த அணிகளை வைத்து சாம்பியன்ஸ் லீக்கைத் திரும்பத் திரும்ப வென்றது. அதையும் மறுக்க முடியாது. அங்கேயும் 2024 இறுதியில் முதல் கோல் அடித்த டானி கார்வஹால், 2004இல் புதிய பயிற்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டியபோது கிளப்பின் பழைய நட்சத்திரம் டி ஸ்டெஃபனோவின் பக்கத்தில் நின்ற 12 வயது அகாடமிப் பையன். பாஸ்க் பகுதியினரை மட்டும் வைத்து ஆடும் அத்லெட்டிக் பில்பாவோ முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆனால் அது வேறு வகை வாழ்க்கை, எல்லோராலும் முடியாது.

டெம்பெலே? 2023இல் பாரிஸுக்குப் போனார். மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே எல்லோரும் போன பிறகு 2025இல் இன்டர் மிலானை 5-0 என்று வென்று அந்தக் கிளப் முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியது. அந்த ஆண்டு பாலோன் தோர் டெம்பெலேவுக்கு, இரண்டாமிடம் யமாலுக்கு. வாங்கிய ஆள் மோசமில்லை என்று எட்டு ஆண்டு கழித்து நிரூபணமானது. 20 வயதுப் பையனை ஒரு துக்கத்துக்கு மருந்தாக வாங்கியதுதான் தவறாக இருந்தது.

பத்தாம் எண்

இளம் வீரர்களை நம்புவது என்றாலே நல்லது என்ற பேச்சில் எனக்கு ஒரு பயம் உண்டு. பணம் இல்லாத கிளப் பிள்ளையை நம்பும்போது, பல சமயம் பிள்ளையின் முழங்காலைக் கடனாக வாங்குகிறது. 16 வயதில் லீக்கில் கோலடித்த அன்சு ஃபாத்தி 2020 நவம்பரில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். ஒரு அறுவை சிகிச்சையோடு முடியவில்லை. குணமாகி வரும்போதே மெஸ்ஸி விட்டுப்போன 10ஆம் எண் சட்டையை அவருக்குப் போட்டார்கள். பழைய வேகம் திரும்பவில்லை. லாஸ் பால்மாஸிலிருந்து சொற்ப விலைக்கு வந்த பெத்ரி, 2020-21இல் கிளப், யூரோ, ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து 70 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். அடுத்த சீசனில் தொடைத் தசை கிழிந்து மாதக்கணக்கில் உட்கார்ந்தார். காவிக்கு 2023இலும், மார்க் பெர்னாலுக்கு 17 வயதில் 2024இலும் முழங்கால் தசைநார் கிழிந்தது. எல்லாவற்றுக்கும் ஆட்டப் பளுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வளரும் உடம்புக்கு ஓய்வு கொடுக்கப் பெஞ்சில் தேறிய ஆள் வேண்டும். அந்தப் பெஞ்சுக்காக வாங்குவதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன். 30 வயதுக்காரர் ஒருவரை, பெரிய பெயரில்லாதவராக இருந்தாலும், பையன் உட்கார வேண்டிய நாளில் ஆடுவதற்காக வாங்க வேண்டும். அதற்குச் செலவாகும் பணம் கோட்டின்யோவுக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான்.

2025 ஜூலையில் ஃபாத்தி மொனாகோவுக்கு லோனில் போனார். அதே மாதம் 18 வயது நிறைந்த யமாலுக்கு அந்த 10ஆம் எண்ணைக் கொடுத்தார்கள். முந்தைய சீசனில் கிளப்புக்காக மட்டும் அவர் 55 ஆட்டங்கள் ஆடியிருந்தார். செப்டம்பரில் அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புப் பகுதியில் வலி என்று அடுத்தடுத்து சில ஆட்டங்களில் அவரால் இறங்க முடியவில்லை.